உள்ளே விட்டுவந்த கோட்டு

மழை பிடித்துக்கொண்ட சாயங்காலம். இங்கிலாந்தில், லங்காஷயரின் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்து நடையில், பாலர் வகுப்பு நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருக்கிறாள் மார்ஜரி. பள்ளியின் நிர்வாகக் குழுவுக்குத் தன் பிரதிநிதியாக நகராட்சி அவள் பெயரைச் சொல்லியிருக்கிறது. ஏற்பதும் தள்ளுவதும் குழுவின் கையில். "சும்மா சம்பிரதாயந்தான் கண்ணு, ரெண்டே நிமிஷம் வெளிய இரு" என்று எழுத்தர் பெவர்லி சொன்னதை நம்பிச் சிவப்புக் கோட்டை உள்ளேயே நாற்காலியில் விட்டு வந்துவிட்டாள். தேநீர்கூடப் பாதிதான் குடித்திருந்தாள். எதிர்ச் சுவரில் பிள்ளைகள் கோட்டு மாட்டும் கொக்கிகள். பாதிக்கு மேல் பெயர் ஒட்டாமல் காலி. கதவிடுக்கில் தலைமையாசிரியர் ஆஷ்வொர்த்தின் குரல் கசிகிறது.

"பிள்ளைங்க குறைஞ்சிடுச்சுன்னு பக்கத்து ஸ்கூலை மூடினாங்களே, அப்பவும் முதல்ல இப்படி ஒரு ஆளைத்தான் அனுப்பினாங்க."

"இவங்க நல்லா சிரிச்சுப் பேசுறாங்களே?" குழுவில் யாரோ கேட்கிறார்கள்.

"அங்க வந்த அந்தம்மாவும் சிரிச்சாங்க."

மார்ஜரி நாற்காலியின் நுனிக்கு நகர்கிறாள். இந்தப் பள்ளியையாவது மூடவிடக்கூடாது என்றுதான் நகராட்சியில் நடையாய் நடந்து இந்தப் பரிந்துரையைக் கேட்டு வாங்கினாள். எழுந்து போய்ச் சொல்லலாம்; ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். பிறகு யார் நம்புவார்கள்? கதவின் கண்ணாடிக்கு அப்பால் கைகள் உயர்கின்றன. ஏற்கவா, தள்ளவா என்று தெரியவில்லை. கைகள் இறங்குகின்றன. கதவு திறக்கிறது. அவள் முகத்தைப் பார்க்காமல் வருகிறாள் பெவர்லி. கையில், பதவிசாக மடித்த சிவப்புக் கோட்டு.