ஏழாம் அடுக்கில்

மலைநாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ராணி ஊர் நினைவில் வாடினாள். அவளுக்காகச் சமவெளியான பாபிலோனில் ராஜா ஒரு மலையையே கட்டினான். ஏழு அடுக்கு, அடுக்கெல்லாம் மரங்கள். வேலை முடிந்த அன்று கைபிடித்து உச்சிக்கு அழைத்துப் போனான்.

"ராணியம்மா, ஆற்றுத் தண்ணீரே இவ்வளவு உயரம் ஏறிவிட்டது. உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு ஏறக் கூடாதா?" என்று விளையாட்டாகக் கேட்டான் ராஜா.

அவள் கிழக்கே வெகுநேரம் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய வரை வாற்கோதுமை வயல்கள்.

"எங்கள் மலை தெரியவில்லையே," என்றாள். "இத்தனை நாளும் கோட்டைச் சுவர்தான் மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

ஊரின் ஒவ்வொரு செங்கல்லிலும் தன் பெயரைப் பொறிக்கும் ராஜா, தனியாக இறங்கி வந்து கொத்தர்களை அழைத்தான். இந்தத் தோட்டத்தில் மட்டும் அந்தப் பெயரைச் சுரண்டி எடுத்துவிடச் சொன்னான்.