கூடாரத்தை மடித்தவர்கள்

நாட்றாம்பாளையத்து மலையுச்சியை யுவஸ்ரீயும் அவள் கணவன் விமல்ராஜும் ஞாயிறு பதினொரு மணிக்கே எட்டிவிட்டார்கள். ஓசூர் கம்பெனியில் வாரமெல்லாம் நின்றபடியே வேலை செய்பவளுக்கு அந்த ஏற்றம் ஒரு பொருட்டாகவே இல்லை. கீழே அவர்களுடைய காரும், இரவு தங்கிய நீலக் கூடாரமும் பளிச்சென்று தெரிந்தன.

கூடாரத்தை யாரோ இரண்டு பேர் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், யாருடா அது?" என்று விமல்ராஜ் கத்தினான்.

கீழிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துக் கையசைத்தாள். யுவஸ்ரீ போட்டிருந்த அதே மஞ்சள் சட்டை. பிறகு இருவரும் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"சாவி எங்கிட்டதானே இருக்குது!" என்றான் விமல்ராஜ்.

"எங்க போயிருவாங்க? வாங்க, பாத்துக்கலாம்," என்றாள் யுவஸ்ரீ.

மூன்று பஸ் மாறி, பொழுது சாய்வதற்குள் பாகலூர் வந்து சேர்ந்தார்கள். கார் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. மாடிக் கொடியில் கூடாரம் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது.

யுவஸ்ரீ கதவைத் தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளிருந்து விமல்ராஜின் குரல் கேட்டது. பக்கத்தில் நின்ற விமல்ராஜ் வாயே திறக்கவில்லை.

"நாங்கதான். எங்க வீடு இது, கதவத் தொறங்க," என்றாள் யுவஸ்ரீ, குரல் பிசகாமல்.

"தொறக்காதீங்க," என்றது உள்ளிருந்து அவளுடைய குரல், அதே உறுதியோடு.