இரும்பு இல்லாத அறை

மாத்திரை அளவுள்ள அந்தப் பீங்கான் வில்லைக்கு மின்சாரம் கொடுத்தால் அது காந்தமாகும் என்பது மாதங்கியின் ஆறு வருட ஆராய்ச்சி. "பக்கத்துல இருக்கிற திசைகாட்டி முள்ளு திரும்பட்டும்மா, எல்லார் முன்னாடியும் கை தட்டுறேன்" என்பார் அவளுடைய பேராசிரியர் சற்குணம். ஒருமுறை திரும்பியது, அவருடைய பெல்ட் கொக்கியைப் பார்த்து. அதனால் இன்று அவரே வாசலில் ஒரு டப்பா வைத்தார். சாவி, கடிகாரம், கொண்டை ஊசி எல்லாம் அதில் விழுந்தன. தன் பெல்ட்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, தொளதொள பேண்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உள்ளே வந்து நின்றார். மாதங்கி சுவிட்சைப் போட்டாள். முள் நடுங்கி, மெல்ல வில்லையின் பக்கம் திரும்பியது.

"சார், திரும்பிடுச்சு!"

எல்லோரும் முள்ளை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். பேராசிரியர் ஒருமுறை குனிந்து தன் இடுப்பைப் பார்த்துக்கொண்டார். பிறகு கை தட்டினார்.