பூட்டிய வீடு

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கருவி ஆளை உற்றுப் பார்த்து, ஆணா பெண்ணா என்று தானே எழுதிக்கொள்ளும். திருத்த வழியில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்த செண்பகம் டீச்சருக்குச் சங்கடமாக இருந்தது.

"என் எலும்பைப் பார்த்து ஆண்னு போடுது. முப்பது வருஷமா நான் மகிழினி," என்று டீயை ஆற்றிக் கொடுத்தாள் அந்த வீட்டுத் திருநங்கை. "தப்பா எண்ணுறதுக்கு என்னை எண்ணாமலே விட்டுடுங்க டீச்சர்."

எண்ணாமல் விட ஒரே பொத்தான்தான் இருந்தது: 'பூட்டிய வீடு'. விரியத் திறந்த வாசலில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடித்து, டீச்சர் அதை அழுத்தினார்.

அடுத்த வீட்டுத் தையல்காரர் அந்தோணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார். கருவி தன்னைப் பார்த்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க வீடும் பூட்டித்தான் இருக்கு டீச்சர். உள்ள வாங்க, டீ கொதிக்குது."

பொழுது சாய்வதற்குள் டீச்சர் பதினேழு பூட்டிய வீடுகளில் டீ குடித்திருந்தார்.