குணமானவன் பேச்சு

அவள் முறை வந்தது.

நோயாளிகளின் வீட்டாரை வட்டமாக உட்காரவைத்து, மனநல மருத்துவர் எல்லோரிடமும் ஒன்றையே கேட்டுக்கொண்டு வந்தார். மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடும் உங்கள் ஆள் எப்படி ஆனால், குணமாகிவிட்டார் என்பீர்கள்?

தானாகக் குளித்தால் போதும் என்றார் ஒரு தகப்பனார். வேலைக்குப் போக வேண்டும் என்றாள் ஒரு தாய்.

"செஞ்சது ஞாபகத்துக்கு வரணும்" என்றாள் உலகம்மாள்.

மருத்துவர் புரியாமல் தலையாட்டினார்.

மகளின் காதுகுத்து அன்று, சொந்தம் நிறைந்த பந்தியில், அவள் கணவன் ஐயம்பெருமாள் எழுந்து நின்று, "இது எம் புள்ள இல்ல" என்றான். மாமனார் வயலை எழுதித் தரவில்லை என்ற ஆத்திரம். பொய்யென்று அவனுக்கே தெரியும்.

சொந்தம் நம்பியது.

அவள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் போனார். அதன்பின் தன் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அடுத்த மழைக்கு அவர் இல்லை.

நோய் பிறகுதான் வந்தது. காதுக்குள் குரல்கள். சுவரோடு சண்டை.

விட்டுவிட்டு வந்துவிடு என்றாள் அம்மா. உலகம்மாள் போகவில்லை. வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். துப்பினால் மறுபடி கொடுத்தாள். குளிப்பாட்டினாள், சவரம் செய்துவிட்டாள். அவளை மாதிரி பொண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்றது தெரு.

அவளுக்கு அவன் தெளிவாக வேண்டும். தெளியாதவனிடம் எதைக் கேட்பது?

குரல்கள் மெல்ல அடங்கின. ஒருநாள் மதியம் தட்டிலிருந்து நிமிர்ந்து, "நீ சாப்டியா?" என்றான்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"காதுகுத்து அன்னைக்கு ஒண்ணு சொன்னீகளே. சீக்குதான் அப்படிப் பேச வச்சுதா?"

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பான்.

"இல்ல. அப்ப நான் நல்லாத்தான் இருந்தேன்."

"அப்ப அதே ஆளுக முன்னால சொல்லணும்."

அவன் பிசைந்த சோற்றை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒடுங்கினான். அவள் பார்த்தாள். இரக்கம் வரவில்லை.

அவன் அண்ணன் நயினார் புது வீட்டில் பால் காய்ச்சினார். அதே முகங்கள். இலையில் சோறு விழுந்துகொண்டிருந்தபோது ஐயம்பெருமாள் எழுந்தான்.

"சங்கரி எம் மகதான். அன்னைக்கு நான் சொன்னது பொய். வயலுக்காகச் சொன்னேன்."

திக்காமல் சொன்னான்.

யாரோ உச்சுக்கொட்டினார்கள். நயினார் வந்து தம்பியின் தோளை அழுத்தினார்.

"சரிடே, சரி. உக்காரு."

பிறகு உலகம்மாள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, இன்னைக்கு மாத்திரை குடுக்கலையா?"

பந்தி முழுக்கத் தலை குனிந்து சோற்றைப் பிசைந்தது. சங்கரி மட்டும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உலகம்மாள் எழுந்தாள். இலைகளுக்கு நடுவே நடந்துபோய் வாசல் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள் கணவனிடம்.