கையெழுத்துப் போட வராதவர்

சிசிலியின் அந்தத் துறைமுக ஊர் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைத் திறந்துவைக்க வந்திருந்தார் துணை மேயர் ஸ்பத்தாரோ. ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல் இன்னும் கையில் இருக்கையிலேயே, பதிவு மேசையில் தகராறு.

"காதுல சீழ் வடியுது, பாருங்க," என்றாள் தொண்டர் ஓர்னெல்லா. அகதிகள் படகில் தன்னந்தனியாக வந்து சேர்ந்த பதினொரு வயது அஜுவா, காதைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பெத்தவங்க கூட இல்லேன்னா கோர்ட்டு நியமிச்ச கார்டியன் கையெழுத்து வேணும். அது இல்லாம ஆபரேஷன் கிடையாது," என்றார் எழுத்தர்.

"மூணு வாரமா கூப்பிடறேன். அந்த ஆளு கட் பண்ணிடறாரு."

பத்திரிகைக்காரர்கள் திரும்பிப் பார்த்ததும் துணை மேயருக்கு ரத்தம் கொதித்தது.

"கோர்ட்டு நம்பி ஒப்படைச்ச பிள்ளை. போனைக்கூட எடுக்காதவன்லாம் ஒரு மனுஷனா? இப்பவே போடுங்க, நான் பேசறேன்."

எழுத்தர் ஃபைலைப் பார்த்து, மேசைத் தொலைபேசியில் எண்களை அழுத்தினார்.

துணை மேயரின் பையில் கைபேசி அடித்தது. தெரியாத எண். வழக்கம்போல் துண்டித்துவிட்டு, "ம், என்ன சொல்றான்?" என்றார்.

"கட் பண்ணிட்டீங்க ஐயா," என்று எழுத்தர் ஃபைலை அவர் பக்கம் திருப்பினார். அஜுவா உட்பட எண்பத்து மூன்று பிள்ளைகளுக்குக் கார்டியனாக இருக்கச் சம்மதித்து, ஒரே நாளில், படித்துக்கூடப் பார்க்காமல் அவர் போட்ட கையெழுத்து அதில் இருந்தது.

ஓர்னெல்லா பேனாவை நீட்டினாள்.

"மீதி எண்பத்திரண்டு பேரையும் கூட்டிட்டு வரட்டுமா?"