யார் முதுகு?

கணவன் புதிதாக வரைந்ததை மூடியிருந்த துணியை விலக்கினாள் சுமிரா. படத்தில் ஒரு பெண் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முகம் இல்லை. வெறும் முதுகு, அதில் காசால் தேய்த்த சிவப்புக் கோடுகள், இடது தோளுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு மச்சம்.

உடம்பில் காற்றுப் புகுந்தால் தைலம் தடவிக் காசால் முதுகைத் தேய்த்துவிடுவது ஜோக்ஜா ஊரில் வீட்டு மனுஷர் செய்கிற வேலை. சுமிராவுக்கு அவள் கணவன் சுனார்தான் தேய்த்துவிடுவான். அவன் கை வேறு எவள் முதுகில் இவ்வளவு உரிமையாகக் கோடு போட்டது?

அதைவிட அந்த முதுகின் துக்கம்தான் அவளைச் சுட்டது. தோள்கள் குறுகி, விலா இறுகி, அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தது அது. அம்மா செத்தபோதுகூட சுமிரா யார் முன்னாலும் அழவில்லை; சுனாரும் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவளோ ஒருத்தியின் துக்கம் மட்டும் அவனுக்கு அத்தனை நன்றாகப் புரிந்திருக்கிறது.

சந்தேகம் நேராகத் தீனுக்கிடம் போனது. தெருவில் மூலிகைக் கஷாயம் விற்பவள், சுனார் வரைவதற்கு அவ்வப்போது வந்து உட்காருபவள், போதாக்குறைக்குப் புருஷனை இழந்தவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. கேட்டால் சொல்லமாட்டாள், ஆனால் மச்சம் சொல்லிவிடும்.

மறுநாள் கஷாயக் கூடையோடு வந்தவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

“மூஞ்சியே சரியில்லையே தீனுக். காத்து புகுந்திருக்கு. உக்காரு, தேய்ச்சுவிடறேன்.”

தீனுக் தயங்கினாள். அந்தத் தயக்கமே போதும் என்று பட்டது சுமிராவுக்கு. ஒருவழியாகச் சட்டையைக் கழற்றித் திரும்பி உட்கார்ந்தாள் தீனுக். இடது தோளுக்குக் கீழே துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வலது பக்கமும் ஒன்றுமில்லை.

“மெதுவாக்கா. என் தோலு மேல உங்களுக்கு என்ன கோவம்?”

சுமிராவின் கையிலிருந்து காசு நழுவியது. இவள் இல்லையென்றால் இன்னும் யாரோ ஒருத்தி இருக்கிறாள். சுமிராவின் முகம் வெளிறியதைப் பார்த்துத் தீனுக் பயந்துபோனாள். காற்றுப் புகுந்திருப்பது உங்களுக்குத்தான் என்று சொல்லி, அவளைத் திருப்பி உட்காரவைத்து, சட்டையை இறக்கித் தைலத்தை எடுத்தாள்.

சுமிரா தோள்களைக் குறுக்கிக்கொண்டு அழுகையை விழுங்கினாள். முதுகில் ஊர்ந்த தீனுக்கின் விரல் இடது தோளுக்குக் கீழே நின்றது.

“இம்மாம்பெரிய மச்சம் இங்க இருக்கறது உங்களுக்குத் தெரியுமாக்கா?”